74 மார்க்... நீங்க 'எஸ்'ஸா, 'பி'யா, 'சி'யா?

ரிசல்ட் வந்தாச்சு. போனைத் திறந்து பார்க்கிறீங்க. 100-க்கு 74. வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போகலாமா? அவசரப்படாதீங்க. அந்த 74-ஐ எந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறாங்க என்பதில்தான் எல்லாமே இருக்கு.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சட்டெனப் புரிய வைக்கலாம். கீறல், தழும்பு எல்லாம் பார்த்துத்தான் தோலைத் தரம் பிரிப்பாங்க. ஷூவின் மேல்பகுதிக்கு வாங்குறவர் ஒதுக்குற தோலையே, உள்ளே வைக்கும் லைனிங்குக்கு வாங்குறவர் சந்தோஷமா எடுத்துக்குவார். தோல் மாறலை. அளவுகோல் மாறிடுச்சு.

மார்க்கும் அப்படித்தான். 2012-13-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முப்பருவ முறை வந்தப்போ, 71 முதல் 80 வரை 'பி1'. அப்போ நீங்க 'பி1'. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, பாடத்தில் பாஸானவர்கள் 30 பேருக்கு மேல் இல்லைன்னா நிலையான அளவுகோல். அதில் 71 முதல் 80 வரை 'ஏ'. 30 பேரைத் தாண்டினால், மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரும் 'ரிலேட்டிவ் கிரேடிங்'.

வேலூர் கணக்கு

வேலூர் வி.ஐ.டி மாணவர்களுக்கு இந்த ரிலேட்டிவ் கிரேடிங் ரொம்பப் பழக்கம். வகுப்பின் சராசரியையும், மார்க்குகள் அதிலிருந்து எவ்வளவு விலகி இருக்கு என்று சொல்லும் திட்ட விலக்கத்தையும் வைத்துக் கோடு போடுவாங்க. சராசரியோடு ஒன்றரை மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டினால் வருவது 'எஸ்' கோடு. சராசரிக்கு மேலும் கீழும் அரை மடங்கு வரை 'பி'.

சராசரி 70, திட்ட விலக்கம் 10 என்று வெச்சுக்குவோம். 85 எடுத்தால்தான் 'எஸ்'. உங்க 74 வெறும் 'பி'. கேள்வித்தாள் கடினமாகி சராசரி 55-க்கு இறங்கிட்டா? 70-க்கே 'எஸ்'. அதே 74, இப்போ 10-க்கு 10 பாயின்ட்!

கேள்வித்தாள் கடுமையா இருந்தா இந்த முறை உங்களைக் காப்பாத்தும். ஆனா, பக்கத்து சீட் நண்பன் நல்லா எழுதினா உங்க கோடு மேலே ஏறும். நோட்ஸ் கொடுக்கக்கூட யோசிக்க வைக்கிற முறை இது. அதோட, சின்ன வகுப்பில் ரெண்டு பேர் மார்க் மாறினாலே சராசரி ஆடிப்போயிடும். 30 பேர் என்ற வரம்பின் அர்த்தமும் அதுதான்.

மென்பொருள் எடுக்கும் முடிவு

இப்போ நிறைய ஆசிரியர்களின் மார்க் நோட்டு கம்ப்யூட்டருக்குள் போயிடுச்சு. கல்லூரிகள் பலவும் பயன்படுத்தும் 'மூடில்' மென்பொருளை எடுத்துக்குங்க. யாரும் செட்டிங்கை மாற்றலைன்னா, அதில் 93-க்கு மேல்தான் 'ஏ'. 74 எடுத்த நீங்க 'சி'. 60-க்குக் கீழே எல்லாமே 'எஃப்'. இது அமெரிக்க வகுப்பறைக் கணக்கு.

நம்ம ஊரில் பத்தாம் வகுப்புக்கு 35 எடுத்தால் பாஸ். அண்ணா பல்கலைக்கழகத்தில் 50. அப்போ எழுத்து கிரேடைக் காட்டினால், 55 எடுத்துப் பாஸான மாணவி போனில் பார்ப்பது 'எஃப்'. வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போற பொண்ணு அவள்னா, அந்த ஓர் எழுத்துக்கு வீட்டில் யார் விளக்கம் சொல்வாங்க?

இன்டர்னல் மார்க்தானே என்று விட்டுடவும் முடியாது. 2020-ல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானதும் என்ன நடந்துச்சு? காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவிகிதம், வருகைப்பதிவுக்கு 20 சதவிகிதம் என்று கணக்குப் போட்டாங்க. யாரும் பெருசா எடுத்துக்காத பள்ளிக்கூட மார்க் நோட்டே பொதுத்தேர்வு மார்க் ஆயிடுச்சு.

என்ன கேட்கணும்?

செமஸ்டரின் முதல் வாரத்திலேயே மூணு கேள்வி கேளுங்க. 'நிலையான அளவுகோலா, ஒப்பிட்டுப் பார்ப்பதா?', 'கோடுகள் எந்த மார்க்கில்?', 'கிரேடோடு மார்க்கும் தெரியுமா?' கேம்பஸ் இன்டர்வியூவில் சி.ஜி.பி.ஏ கட்-ஆஃப் வைக்கிற கம்பெனிக்கு உங்க வகுப்பின் சராசரி தெரியாது. நீங்களாவது தெரிஞ்சுக்கணும்.

ஆசிரியரா இருக்கீங்களா? சின்ன வகுப்புன்னா நிலையான அளவுகோலே நல்லது. பாஸ் மார்க்கை உங்க பல்கலைக்கழக விதிப்படி மாத்துங்க. கோடுகளைத் தேர்வுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. செட்டிங்ஸில் அஞ்சு நிமிஷ வேலை. அதைச் செய்யலைன்னா, வேலூரைப் பார்த்தே இராத யாரோ ஒருத்தர் போட்ட கோடு உங்க மாணவியை ஃபெயிலாக்கிடும்.