மலச்சிக்கலும் மருந்துச் சீட்டும்

வயிற்றுத் தொல்லையைப் பற்றிச் சபையில் பேசுவது நாகரிகமன்று என்ற எண்ணம் நம் மக்களிடையே வெகு காலமாக வேரூன்றி நிற்கிறது. காய்ச்சல் என்றால் கூசாமல் வைத்தியரிடம் செல்கிறோம்; பாவு இழை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் உடனே கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். மலச்சிக்கல் என்றாலோ வாய் திறப்பதில்லை. கடைக்காரரிடம் மெல்லிய குரலில் ஒரு மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கிவிட்டுத் தறிக்கோ வயலுக்கோ திரும்பிவிடுகிறோம். இவ்வாறே ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளுவோர் அநேகர். நீடித்த மலச்சிக்கல் வைத்தியரால் ஆராயப்பட வேண்டிய நோய் என்பதும், அவர் எழுதித் தரும் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில் இழிவு சிறிதும் இல்லை என்பதும், இவ்விஷயத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு என்பதுமே என் கருத்து.

முதலில் நோய் இன்னதென்று தெளிவோம். ஒரு நாள் மலம் கழியாமற் போனால் அது நோயாகாது. வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாகக் கழிதல், கட்டியாக இறுகிப் போதல், முக்கி வருந்த வேண்டியிருத்தல், கழித்த பின்னும் மீதி நிற்பது போன்ற உணர்வு முதலிய குறிகள் மாதக்கணக்கில் நீடிக்குமானால், அதனை நாட்பட்ட மலச்சிக்கல் என்பர். இத்துடன் வாரத்தில் ஒரு நாளேனும் வயிற்று வலி தோன்றி, மலம் கழிப்பதோடு அவ்வலி தணிவதோ மிகுவதோ உண்டாயின், அது ஐ.பி.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் குடல் எரிச்சல் நோயாக இருக்கலாம். இந்நோயில் சிலருக்குச் சிக்கலும், சிலருக்குப் பேதியும், சிலருக்கு இரண்டும் மாறி மாறியும் வரும். குடலைச் சோதித்தால் புண்ணோ கட்டியோ காணப்படுவதில்லை. ஆகவே, "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டாரே ஏளனம் செய்வதுண்டு. அது பெரும் அநீதி. மூளைக்கும் குடலுக்கும் இடையேயுள்ள நரம்புத் தொடர்பு தடுமாறுவதால் எழும் மெய்யான நோவு அது.

இனி, நாமாகவே வாங்கியுண்ணும் பேதி மருந்துகளைப் பார்ப்போம். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் விளையும் நிலாவாரை இலை, திருநெல்வேலி என்னும் ஊர்ப் பெயரையே தாங்கி உலகச் சந்தையில் விலை போகிறது. அதன் சத்து பெருங்குடலைத் தூண்டிச் சுருங்கச் செய்கிறது. அதனைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இன்றும் வைத்தியர்கள் அதனை எழுதித் தருகின்றனர். ஆனால் அளவும் காலமும் அறியாது நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனால் வயிற்று முறுக்கலும் நீர்ப்பேதியும் உண்டாகும். பொட்டாசியம் என்னும் உப்பு உடலில் குறையும். அது மிகக் குறைந்தால் தசைகள் தளர்வதோடு இதயத் துடிப்பும் தடுமாறும். பசுமையான நம் நாட்டு மூலிகை என்பதனால் மட்டும் ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மலச்சிக்கல் வேறொரு நோயின் நிழலாகவும் இருக்கலாம். தைராய்டு சுரப்புக் குறைவும் நீரிழிவும் அதற்குக் காரணமாவதுண்டு. இரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையும், சிலவகை வலி மருந்துகளும் மலத்தை இறுக்கும். அதற்காக இரும்பு மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் தவறு; மருத்துவரிடம் சொன்னால் அவர் மாற்று வழி காட்டுவார். மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றிய சிக்கல், குடும்பத்தில் எவருக்கேனும் குடல் புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் ஒரு வாரமும் தாமதித்தல் ஆகாது. வயிறு உப்பி, வாந்தியும் கடும் வலியும் சேர்ந்தால் பேதி மருந்தைத் தொடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

வைத்தியர் செய்வதென்ன? உணவில் காய்கறி, கீரை, பழம், போதிய நீர் ஆகியவற்றைக் கூட்டச் சொல்வார். குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் பயிராகும் இசப்கோல் உமியைத் தருவார். அதை நிறைந்த நீருடன் உண்ணாவிடில் அதுவே தொண்டையிலும் குடலிலும் அடைத்துக்கொள்ளும். குடல் எரிச்சல் நோயுள்ளவர்க்கு இசப்கோல் ஏற்கும். கோதுமைத் தவிடோ பலருக்கு உப்புசத்தை மிகுவிக்கும். இவ்வளவில் குணம் காணாதபோது, குடலில் நீரை நிறுத்தி மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் தூளையோ லாக்டுலோஸ் பாகையோ எழுதுவார். இவை விழுங்கியவுடன் வேலை செய்வன அல்ல. ஓரிரு நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். அதற்கும் மசியாத நோய்க்கு லினாக்ளோடைடு, லூபிபுரோஸ்டோன், புருகலோபிரைடு போன்ற புதிய மருந்துகள் உள்ளன. இவற்றுள் லினாக்ளோடைடைக் காலையில் வெறும் வயிற்றில், உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாக உண்ண வேண்டும். உணவுக்குப் பின் உண்டால் பேதி மிகும். ஒரே நோய்க்கு இத்தனை மருந்துகளும் இத்தனை விதிகளும் இருக்க, அடுத்த வீட்டாருக்குக் கேட்ட மருந்து நமக்கும் கேட்கும் என்று எண்ணுவது எத்துணைப் பேதைமை!

"மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோமே" என்பது அடுத்த அச்சம். இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் மாத்திரை உண்பவரை நாம் அடிமை என்பதில்லை. நாட்பட்ட நோய்க்கு நாட்பட்ட மருந்து வேண்டியிருப்பது இயல்பே. இரண்டு நாள் குணம் கண்டதும் நிறுத்துவதும், மீண்டும் இறுகியபின் இரட்டிப்பாய் விழுங்குவதுமே உண்மையில் உடலைக் கெடுப்பன. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரைக் கலந்து செய்ய வேண்டியவை. புதிய மருந்துகள் யாவும் பழுதற்றவை என்றும் நான் கூறவில்லை. இந்நோய்க்காக 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெகாசெராடு என்னும் மருந்து, அதை உண்டோரிடையே மாரடைப்பு, பக்கவாதம் முதலியன சற்று மிகுதியாகக் காணப்பட்டமையால், 2007ஆம் ஆண்டு விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. மருந்தை எழுதுவோரும் உண்போரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும். சீட்டு என்பது வெறும் காகிதமன்று. நம் உடலுக்குப் பொறுப்பேற்கும் ஒருவரின் கையொப்பம்.

இனிச் சங்கத்தின் கடமை. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் தமிழ்நாட்டில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டபோது, அவற்றுள் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களே ஏற்று நடத்த முன்வந்தன. மாதந்தோறும் வாங்க வேண்டிய மருந்தின் விலை ஏழை நெசவாளருக்குப் பெருஞ்சுமை. ஆகவே, நம்மவர் நடத்தும் மருந்தகங்களில் இந்நோய்க்குரிய எளிய மருந்துகள் குறைந்த விலையில் என்றும் இருப்பில் இருக்க வேண்டும். பேதி மாத்திரையை அடிக்கடி கேட்டு வருபவரிடம், "எத்தனை நாளாக உண்கிறீர்கள்? மருத்துவரைப் பார்த்தீர்களா?" என்று தனியே அழைத்து அன்போடு வினவும் வழக்கமும் வேண்டும். இலாபம் ஒன்றையே கருதும் கடைக்கும் நம் கடைக்கும் வேறுபாடு அங்கேதான் தெரியும்.

அதனினும் அடிப்படையான ஒன்று உண்டு. குழித்தறியில் அமர்ந்தோரும் களத்து மேட்டில் நிற்போரும், சிறப்பாகப் பெண்டிர், ஒதுங்க இடமின்றி உணர்வை அடக்கிக்கொள்கின்றனர். அதற்கஞ்சியே தண்ணீரும் அருந்தாதிருக்கின்றனர். அடக்க அடக்க மலம் இறுகும். ஒருபுறம் நோயை வளர்த்துக்கொண்டு மறுபுறம் மருந்து விற்பது சங்கத்துக்கு அழகன்று. தறிக்கூடம்தோறும் கொள்முதல் நிலையம்தோறும், பெண்களுக்குத் தனியாகவும், கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பிடம் அமைத்தல் வேண்டும்.

வரும் மகாசபைக் கூட்டத்தில் நூல் விலையையும் உர விலையையும் பேசுவதோடு இதனையும் ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறேன். தயங்குவோர் நிர்வாகக் குழுவுக்கு எழுதியேனும் தெரிவிக்கலாம். நோயுள்ளோர் அதுவரை காத்திராமல், தாம் உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு இவ்வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்வார்களாக.