சிலிக்குக் கட்டிய கப்பலும் கோவைச் செக்கும்

கோவையில் நடந்த வ.உ.சி. விழா ஒன்றில் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை இப்போது விழா மலரில் அச்சேறியிருக்கிறது. எச்.எம்.எஸ். ஸ்விஃப்ட்ஷூர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பற்றி அதில் மூன்று தீர்ப்புகள். இந்தியப் பெருங்கடலை அடக்கி ஆளவென்றே வடிவமைத்த கப்பலாம். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு வந்த இரவில் பயந்து ஒளிந்துகொண்டதாம். அதன் பீரங்கிகளுக்கு அஞ்சித்தான் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி நசிந்ததாம். அரங்கில் கைதட்டல் பலமாம். மூன்றும் தப்பு.

ஏனுங்க ஐயா, அது பிரிட்டன் தனக்காகக் கட்டிய கப்பலே இல்லையே! அர்ஜென்டினாவோடு மல்லுக்கு நின்ற சிலி நாடு ஆர்டர் கொடுத்தது. வரைந்தவர் சர் எட்வர்ட் ரீட். ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் கம்பெனி கட்டி 1903 ஜனவரியில் தண்ணீரில் இறக்கியபோது அதன் பெயர் கான்ஸ்டிட்யூசியோன். அதற்குள் இரண்டு நாடுகளும் சமாதானமாகிவிட, சிலி அதை விற்கப் பார்த்தது. ரஷ்யா வாங்கிவிடப் போகிறதே என்றுதான் 1903 டிசம்பரில் இதையும் இதன் ஜோடிக் கப்பலையும் சேர்த்து 24,32,000 பவுண்டுக்குப் பிரிட்டன் வாங்கியது. யார் கிணற்றுக்கோ அளவெடுத்துச் செய்த பம்பை, பக்கத்துத் தோட்டக்காரன் கைக்குப் போய்விடக் கூடாதென்று வாங்கிப் போட்ட கதை.

அளவு என்று சும்மா சொல்லவில்லை. சிலியின் தல்காவானோ துறைமுகத்தில் கப்பலைப் பழுதுபார்க்கும் உலர்துறைக்குள் நுழைய வேண்டுமென்று ரீட் அகலத்தைக் குறுக்கினார். எடை சுமார் 11,800 டன். பக்கக் கவசம் 7 அங்குலம். பிரிட்டன் அதே காலத்தில் தனக்கென்று கட்டிய கிங் எட்வர்ட் வகைக் கப்பல்களுக்கு 9. அவற்றின் பெரிய பீரங்கி 12 அங்குலம், இதற்கு 10. கூடவே இருந்த 7.5 அங்குல பீரங்கிகள் 14-இல் பத்து, தண்ணீருக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில். அலை கொஞ்சம் உயர்ந்தால் குறிபார்ப்பதே பெரும்பாடு. 1906-இல் ட்ரெட்நாட் என்ற புதுவகைப் போர்க்கப்பல் வந்ததும் இந்தத் தலைமுறைக் கப்பல்கள் எல்லாமே பழசாகிவிட்டன. 1913-இல் இதைக் கிழக்கிந்தியப் பிரிவுக்குக் கொடிக்கப்பலாக அனுப்பினார்கள். முதல்தரக் கப்பல்களை ஜெர்மனிக்கு எதிரே நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை நம் பக்கம் தள்ளிவிட்டார்கள். இதைத்தான் இந்தியப் பெருங்கடலை அடக்கி ஆளப் பிறந்த கப்பல் என்கிறார் பேராசிரியர். கோவை ரெட்ஃபீல்ட்ஸிலேயே ஐ.என்.எஸ். அக்ரணி என்று கடற்படைப் பயிற்சி நிலையமே இருக்கிறது. பேசுவதற்கு முன் அங்கே யாரையாவது விசாரித்திருக்கலாம்.

அடுத்து, பயந்து ஒளிந்த கதை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் தொட்டிகளைக் கொளுத்தியது உண்மை. அந்த மாதங்களில் ஸ்விஃப்ட்ஷூருக்கு வேலை அரபிக் கடலில். பம்பாயிலிருந்து இந்தியச் சிப்பாய்களை ஏற்றிப்போன கப்பல்களுக்குக் காவல். துரத்தியிருந்தாலும் பிடித்திருக்காது. இதன் வேகம் 19, 20 நாட். எம்டனுடையது 23-க்கு மேல். நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளருகே எம்டனை முடித்த சிட்னி, அதைவிட வேகமான இலகுரகக் கப்பல். பயந்தாங்கொள்ளிக் கப்பல் 1915-இல் சூயஸ் கால்வாயில் துருக்கியரை எதிர்த்து நின்றதும், டார்டனெல்ஸுக்குப் போனதும் எதற்காம்? அங்கே அதன் ஜோடி ட்ரயம்ஃப்பை மே 25-இல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஸ்விஃப்ட்ஷூர் தப்பி, 1920-இல் பழைய இரும்புக்கு விலைபோனது.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது வ.உ.சி. விஷயத்தில்தான். அவருக்கு ராஜதுரோகத் தண்டனை விதித்தது 1908-இல். கோவைச் சிறையில் அவரைச் செக்கில் பூட்டியபோது ஸ்விஃப்ட்ஷூர் இந்தியக் கடலுக்கே வந்திருக்கவில்லை. கம்பெனி கலைக்கப்பட்டது 1911-இல். கப்பல் வந்தது 1913-இல். இல்லாத பீரங்கிக்கு அஞ்சினார்களாக்கும்! கம்பெனியின் கப்பல்களான காலியாவையும் லாவோவையும் முடக்க ஒரு குண்டுகூடத் தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது, கலெக்டர்கள் நெருக்கினார்கள், மிச்சத்தை நீதிமன்றம் பார்த்துக்கொண்டது. பீரங்கி மேல் பழியைப் போட்டால் இவர்கள் மூவரும் நழுவிவிடுகிறார்கள். மலரின் மறுபதிப்பில் பேராசிரியர் அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, தூத்துக்குடி–கொழும்பு டிக்கெட் விலையை இறக்கியவர்கள் யார் என்று எழுதட்டும்.