மழலைக்கு மொழிபெயர்ப்பாளர் உதவார்

காகத்தின் படத்தைக் காட்டினால் ஐந்து வயதுப் பிள்ளை ‘தாத்தா’ என்கிறது. ‘காக்கா’ என்பதே அதன் எண்ணம். நாவில் ககரம் தகரமாகிவிடுகிறது. இது பயிற்சியால் திருத்தக்கூடிய உச்சரிப்பு வழு. ஆனால் தமிழறியாத சிங்களச் சிகிச்சையாளருக்கு அச்சொல் ‘அப்பா’வைக் குறிக்கும். மொழிபெயர்ப்பாளரோ ‘பாட்டனார் என்கிறது’ என்பார். முடிவு? நாவின் வழு அறிவின் குறையாகப் பதிவாகிவிடும். மறுபுறம், யாழ்ப்பாணத்துப் பிள்ளை பழத்தைப் ‘பளம்’ என்பது வட்டார வழக்கு. அதைத் திருத்தப் புகுவது இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பதாகும்.

தமிழும் அரசகரும மொழி என்று 13ஆவது திருத்தம் 1987இல் கூறியது. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம் 1997இல் பேச்சுச் சிகிச்சைக் கற்கையைத் தொடங்கியது. ஆயினும் தமிழில் சிகிச்சையளிக்க வல்லவர்கள் இன்றும் மிகச் சிலரே. பாரிசவாதத்தால் சொல்லிழந்த முதியவருக்கும் இதே கதிதான்.

பெயர்ப்பலகையில் தமிழ்ப் பிழை கண்டால் கொதித்தெழுகிறோம், நியாயமே. பிள்ளையின் பேச்சைப் பிழையாகக் கேட்கும் மருத்துவமனை மீது அக்கோபம் ஏன் எழவில்லை? தமிழ் மாணவர் கூடுதலாக இக்கற்கையில் சேரவும், தமிழுக்கென்றே மதிப்பீட்டுக் கருவிகள் உருவாகவும் வேண்டும். மேடைதோறும் மொழியுரிமை முழங்குவோர் இதனை நாடாளுமன்றத்தில் கேட்கட்டும்.