கடையைக் காலி செய்தும் ஓடும் வாடகை

"ஜாவாவில் நினைவகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்!" ஆண்ட்ராய்டு செயலி எழுதும் பலருக்கு இதுதான் தாரக மந்திரம். பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

அந்தக் குப்பை வண்டிக்கு ஒரு விதி உண்டு. யாராவது கையில் பிடித்திருக்கும் பொருளை அது தொடாது. ஓடிக்கொண்டிருக்கும் திரெட் எதைப் பிடித்திருந்தாலும் அது குப்பைக் கணக்கில் வராது. நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஆக்டிவிட்டிக்குள்ளேயே பெயரில்லாத ஒரு வகுப்பை எழுதி, தரவிறக்க வேலையைப் பின்னணியில் ஓட விடுகிறார்கள். அந்த உள்வகுப்பு ஆக்டிவிட்டியின் கையைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொள்ளும். போனைத் திருப்பினால் பழைய ஆக்டிவிட்டிக்கு முடிவு, புதிதாக ஒன்று பிறக்கும். ஆனால் பழையது நினைவகத்தை விட்டுப் போகாது... திரெட் விட்டால்தானே!

1080 x 2400 அளவில் ஒரு முழுத்திரைப் படம், பிக்சலுக்கு 4 பைட் வீதம், சுமார் 10 எம்பி. ஒவ்வொரு திரையும் இப்படி ஒரு படத்தை ஏற்றினால், வேலை முடிவதற்குள் 5 முறை திருப்பினால் 50 எம்பி வீண்.

"திரை திரும்பாதபடி பூட்டிவிட்டோமே" என்பார்கள். மொழியையோ எழுத்தின் அளவையோ மாற்றினாலும் ஆக்டிவிட்டி மறுபடி பிறக்குமே, அதற்கும் பூட்டா? "வீக் ரெஃபரன்ஸ் போட்டாச்சு" என்பது அடுத்த சமாதானம். திரை விடுபடும், சரி. வேலை மட்டும் யாருக்காகவோ ஓடிப் பேட்டரியைத் தின்னும்.

2009ல் ஆண்ட்ராய்டு 1.5ல் வந்த அசிங்க்டாஸ்க்கை 2020ல் கூகுளே கைவிடச் சொல்லிவிட்டது. சொன்ன காரணங்களில் இந்தக் கசிவும் ஒன்று. 2017லேயே வியூமாடல் வந்தாயிற்று. வேலையை அதனிடம் கொடுத்து, திரையை அதற்குள் நுழைய விடாமல், திரை நிரந்தரமாக மூடும்போது வேலையையும் நிறுத்தினால் தீர்ந்தது. கசிவைக் காட்டித்தர 2015ல் வந்த லீக்கேனரி இலவசம். பிறகென்ன சோம்பல்?

"ராம் இப்போது மலிவுதானே" என்பதுதான் கடைசி வாதம். யாருக்கு மலிவு? 2 ஜிபி போன் வைத்திருப்பவர் பாதி நிரப்பிய படிவம் செயலியோடு சேர்ந்து மறைந்துபோகும். அவர் நிரலாளரைத் திட்ட மாட்டார். "போன் பழசாயிடுச்சு" என்று புதுசுக்குக் காசு சேர்ப்பார்.

கடையைக் காலி செய்தவர் சாவியைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் வாடகை ஓடத்தான் செய்யும். கொடுமை என்னவென்றால், சாவி ஒருவர் பையில், வாடகை இன்னொருவர் தலையில்!