கிழங்குத் தண்ணிய ஊத்தியாச்சா?

சாப்பாட்டால வந்த விசித்திர மரணங்கள்னு பேச ஆரம்பிச்சா ரெண்டு பேர்தான் முதல்ல வந்து நிப்பாங்க. ஒண்ணு, தின்னே செத்த ராஜா. ஸ்வீடன் மன்னர் அடால்ஃப் ஃப்ரெட்ரிக் 1771-ல மூக்குமுட்ட விருந்து சாப்பிட்ட அன்னிக்கே போய்ச் சேர்ந்தார். இன்னொண்ணு, கதையில வர்ற வில்லன். அகதா கிறிஸ்டியின் 'ஸ்பார்க்ளிங் சயனைடு' (1945) நாவலில் ஷாம்பெய்னில் சயனைடு.

குமரி மாவட்டத்துக்காரனுக்கு சயனைடு பார்க்க நாவல் தேவையில்லை. அடுக்களையிலேயே கிடக்கு. மரச்சீனிக் கிழங்கு :)

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நெல்லுன்னா, கல்குளம், விளவங்கோடு மேட்டு நிலத்துல மரச்சீனி. திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா (1880-85) இந்தத் தென்னமெரிக்கக் கிழங்கைப் பரப்பினப்போ, விஷம்னு பயந்து ஜனங்க தொடலையாம். ராஜாவே அரண்மனையில சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுக் காட்டினார்னு கதை சொல்லுவாங்க. 1942-ல பர்மா அரிசி நின்னு போனப்போ பட்டினியிலேருந்து காப்பாத்தினதும் இதே கிழங்குதான்.

ஆனா ஜனங்க பயந்தது சும்மா இல்லை. கிழங்குல லினமாரின்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. அது உடைஞ்சா சயனைடு. இலையை மேய்ஞ்ச ஆடு செத்துப் போறது இதனாலதான். அதுக்குத்தான் நம்ம வீட்டு ஆச்சிமார் ரெண்டு தோலையும் உரிச்சு, துண்டு போட்டு, நிறைய தண்ணியில திறந்து வச்சு வேகவிட்டு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டுறாங்க. லினமாரின் தண்ணியில கரையும், தண்ணியோட போயிடும். தொட்டுக்க சாளை மீன் குழம்பு வைக்கிறதுலயும் விஷயம் இருக்கு. மிச்சம் மீதி சயனைடை உடம்பு முறிக்கணும்னா கந்தகம் வேணும், அது மீன் மாதிரி புரதத்துலேருந்து கிடைக்கும்.

இந்த வேலையில ஒரு படியைத் தாண்டினா என்ன ஆகும்? காங்கோவின் பண்டுண்டு பகுதியில் கசப்புக் கிழங்கை மூணு நாள் ஊறப்போடுவாங்க. தலைநகர் கின்ஷாசாவுக்கு ரோடு வந்தது. சந்தைக்குச் சீக்கிரம் அனுப்பணும்னு ஊறப்போடுறது ஒரு நாளாச்சு. வீட்டுச் சாப்பாட்டுலயும் அதே அவசரம். புரதம் குறைவா சாப்பிட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் திடீர்னு ரெண்டு காலும் விறைச்சுப் போச்சு. திரும்ப சரியாகாது. 'கொன்சோ'ன்னு பேர். அளவு இன்னும் கூடினா உயிரே போகும். இதுல வில்லனும் இல்ல, பேராசைக்கார ராஜாவும் இல்ல. அவசரம் மட்டும்தான்.

நான் பொட்டி தட்டுறவன், அதனால எனக்கு இப்படித்தான் தோணுது. பழைய புரோகிராம்ல எதுக்குன்னே தெரியாம ஒரு வரி இருக்கும், பக்கத்துல ஒரு கமெண்டும் இருக்காது. புதுசா வந்தவன் தேவையில்லைன்னு அழிச்சிடுவான். ஆச்சி தண்ணிய வடிக்கிறதும் அப்படி ஒரு வரிதான். செய்முறை நமக்கு வந்தது, காரணம் வரலை. பல வீட்டுல வந்த காரணமும் தப்பு. "கிழங்கு தின்னுட்டு இஞ்சி தின்னா செத்துருவே"ன்னு மிரட்டுவாங்க. சயனைடு இஞ்சியில இல்லீங்க, கிழங்குலதான் இருக்கு.

இப்போ நகரத்துல குக்கர்ல ரெண்டு டம்ளர் தண்ணி, மூணு விசில், வடிக்காம அப்படியே கிளறல். நாம பொதுவா சாப்பிடுறது விஷம் குறைஞ்ச ரகம்ங்கிறதால பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்லை. ஆனா கடைக் கிழங்கு என்ன ரகம்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? மழையில்லாத வருஷம் விளைஞ்சதுல சயனைடு கூடும் வேற.

அதனால சமையல் குறிப்பு எழுதற புண்ணியவான்கள்கிட்ட ஒரே வேண்டுகோள். "தண்ணீரை வடிக்கவும்"னு மட்டும் எழுதாதீங்க. ஏன்னும் ஒரு வரி எழுதுங்க. காரணம் தெரியாத வழக்கத்தைத்தான் அவசரத்துல முதல்ல வெட்டுவாங்க.

பி.கு: கிழங்கு கசந்தா துப்பிடுங்க. மரியாதை எல்லாம் பார்க்காதீங்க. உங்க ஊர்ல எப்படி வேகவைப்பீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.