நாய்ப் பயிற்றுநரும் ஆசிரியரே

‘அடியாத மாடு படியாது’ என்பது பழமொழி. வீட்டில் நாய் வளர்ப்போருள் பலர் இன்றும் இப்பழமொழியையே பாடநூலாகக் கொண்டுள்ளனர். செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பதும், குட்டி சிறுநீர் கழித்த இடத்தில் அதன் மூக்கைத் தேய்ப்பதும், சங்கிலியைச் சுண்டி இழுப்பதும் அவர்கள் அறிந்த பயிற்சி முறைகள். அடிபட்ட நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு மூலையில் போய்ப் படுக்கிறது. அது பாடம் கற்றுக்கொண்டதாக அவர்கள் மகிழ்கின்றனர். பணிவது வேறு, கற்பது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தவரே நாய்ப் பயிற்றுநர் என்னும் பெயருக்கு உரியவர். நம் பெருநகரங்களில் இத்தொழில் விரைவாக வளர்ந்து வருகிறது. ஆயினும் அதற்கு உரியவர் யார் என்று வரையறுக்கும் ஒழுங்குமுறை இந்நாட்டில் இல்லை. இக்குறை நாய்களை மட்டும் வருத்துவதன்று. குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அது ஆபத்தாகவும் முடிகிறது.

தில்லியிலோ புணேயிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். வீட்டுக்கு லாப்ரடார் குட்டியொன்று வருகிறது. தாத்தா அதனிடம் ‘உட்காரு’ என்கிறார். பேத்தி ‘சிட்’ என்கிறாள். வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் ‘பைட்டோ’ என்கிறார். மும்மொழிக் கொள்கையை அந்த நாய் ஒருத்திதான் முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது! மூன்று சொற்களும் ஒரே பொருளுடையவை என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. விருந்தினர் வரும்போதெல்லாம் குட்டி தாவி ஏறுகிறது. எல்லோரும் சிரித்துக் கொஞ்சுகின்றனர். எட்டு மாதங்களில் அது இருபத்தைந்து கிலோ எடையுள்ள நாயாகிவிடுகிறது. அதே தாவலில் பாட்டி கீழே விழுகிறார். நாய் செய்தது அதே செயல்தான். நேற்றுவரை பரிசு பெற்றது, இன்று குற்றமாகிவிட்டது.

“இதற்கு ஓர் ஆளைக் கூப்பிட்டுப் பழக்கிவிடு அப்பா. இல்லாவிட்டால் அம்மாவின் இடுப்பு போய்விடும்” என்கிறார் தாத்தா, தம் மகனிடம். பலகை மாட்டியிருக்கும் ஒருவர் வருகிறார். கழுத்தை நெரிக்கும் சங்கிலியைப் பூட்டி நான்கு முறை சுண்டுகிறார். ஒரே வாரத்தில் தாவுதல் நின்றுவிடுகிறது. அவருக்குப் பேசிய தொகையையும் கொடுத்துவிடுகின்றனர். பிறகு ஒருநாள், உணவுக் கிண்ணத்தின் அருகே தவழ்ந்து வரும் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து நாய் உறுமுகிறது. உறுமலுக்கும் அதே தண்டனை. உறுமலும் நின்றுவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து, எந்த முன்னறிவிப்பும் இன்றி, அந்நாய் ஒரு குழந்தையின் கையைக் கடித்துவிடுகிறது.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. உறுமல் என்பது நாயின் மொழியில் ‘தள்ளிப் போ’ என்னும் எச்சரிக்கை. கண்ணின் வெண்மை தெரியப் பார்ப்பது, உடல் விறைப்பது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவை அதற்கும் முந்திய மென்மையான எச்சரிக்கைகள். உறுமலை அடித்து அடக்குபவர் சினத்தையோ அச்சத்தையோ அடக்குவதில்லை. எச்சரிக்கை மணியை மட்டும் பிடுங்கி எறிகிறார். பிறகு கடி மட்டுமே எஞ்சுகிறது. கடித்த நாயை நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டு வருவோரும் உளர். சங்கிலியைச் சுண்டியவரோ அதற்குள் வேறொரு வீட்டில் தொகை பேசிக்கொண்டிருப்பார்.

அடித்துப் பழக்கும் முறை எங்கிருந்து வந்தது? 1910இல் ஜெர்மனியைச் சேர்ந்த கொன்ராட் மோஸ்ட் என்னும் காவல்துறை அதிகாரி நாய்ப் பயிற்சி குறித்து ஒரு நூல் எழுதினார். வலியுறுத்தலும் கட்டாயமும் அந்நூலில் மிகுதி. இரு உலகப் போர்களிலும் நாய்களைப் பயன்படுத்திய படைவீரர்கள் ஊர் திரும்பியபின் அந்தப் படை முறையை வீட்டு நாய்களுக்கும் கொண்டுவந்தனர். அதன்பின் ஓநாய்க் கோட்பாடு ஒன்றும் சேர்ந்துகொண்டது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்னும் ஆய்வாளர், அடைப்பில் வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காகப் போரிடுவதாக எழுதினார். ‘வீட்டில் நீ தலைவன் என்பதை நாய்க்குக் காட்டு’ என்னும் அறிவுரை அவ்வழியில் பிறந்ததே. ஆனால் காட்டில் வாழும் ஓநாய்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த டேவிட் மெக், 1999இல் வெளியிட்ட கட்டுரையில், இயற்கையான ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று விளக்கினார். தலைமை என்னும் கருத்தைப் பரப்பியதில் 1970இல் வெளிவந்த தம் நூலுக்கும் பங்கு உண்டு என்பதால், அதைத் திருத்தும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். அறிஞர் திருத்திக்கொண்டதை அறியாமல், நம் தெருமுனைப் பயிற்றுநர் சிலர் இன்றும் நாயைக் கவிழ்த்துப் போட்டு ‘நானே தலைவன்’ என்று முழங்குகின்றனர்.

நாய் எவ்வாறு கற்கிறது என்பதற்கு அறிவியல் தெளிவான விடையைத் தந்துள்ளது. செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லவ், உணவு வருமுன் கேட்கும் ஒலிக்கே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பதைக் கண்டறிந்தார். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர், நல்ல விளைவைத் தரும் செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்பதை ஆய்வுகளால் நிறுவினார். கேரன் பிரையர் என்னும் அம்மையார் ஹவாயில் டால்பின்களைப் பழக்கியவர். 1984இல் இவ்வழிமுறையை எளிய நூலாக எழுதினார். டால்பினுக்குச் சங்கிலி பூட்ட முடியாது. அடிக்கக் கை ஓங்கினால் அது நீந்திப் போய்விடும். விரும்பி வந்தால்தான் அதற்குப் பாடம் நடத்த முடியும். டால்பினிடம் வேறு வழியின்றிக் கற்ற அந்தப் பொறுமை, நாயிடம் அறிந்தே கைக்கொள்ள வேண்டியதாயிற்று.

இம்முறையில் பயிற்றுநரின் கையில் இருப்பவை சிறிய இறைச்சித் துண்டுகளும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் ஒரு சிறு கருவியும்தான். நாய் சரியாகச் செய்யும் அதே கணத்தில் ஒலி எழ வேண்டும். உடனே பரிசு வர வேண்டும். ஒலி எழுவதற்குச் சில நொடிகள் தாமதித்தால், நாய் அதற்குள் எழுந்து நின்றிருக்கும். உட்கார்ந்ததற்கான பரிசு எழுந்ததற்குப் போய்ச் சேரும். சமையலறையில் உட்காரக் கற்ற நாய் கடைத்தெருவில் உட்காராது. அது பிடிவாதம் அன்று, புதிய இடம் அதற்குப் புதிய பாடம். இவற்றையெல்லாம் நூலில் படித்துவிடலாம். கைக்கு அந்தக் காலக்கணக்கு வருவதற்கு நூற்றுக்கணக்கான மணிநேரப் பழக்கம் வேண்டும்.

‘படையிலும் காவல்துறையிலும் கண்டிப்பின்றி நாய்களைப் பழக்க முடியுமா?’ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. நம் இராணுவ நாய்கள் மீரட்டில் உள்ள கால்நடைப் படைப்பிரிவின் மையத்தில் பயிற்சி பெறுகின்றன. கர்நாடகத்தின் முதோல் நாய்களும் அங்கே பழக்கப்பட்டன. குவாலியருக்கு அருகே தேக்கன்பூரில், எல்லைப் பாதுகாப்புப் படை 1970 முதல் நாய்களுக்கான தேசியப் பயிற்சி மையத்தை நடத்தி வருகிறது. அத்தகைய மையங்களில் ஒழுங்கு உண்டு, கண்டிப்பும் உண்டு. ஆனால் வெடிமருந்தை மோந்து தேடும் நாயை அடித்துத் தேடவைக்க இயலாது. தேடல் அதற்கு விளையாட்டு. கண்டுபிடித்தால் கிடைக்கும் பந்தே அதற்குச் சம்பளம். நாய்க்கும் அதைக் கையாளும் வீரருக்கும் இடையே பல மாதங்களில் வளரும் நம்பிக்கையே அங்கு முதன்மையான கருவி. 2022 அக்டோபரில் காஷ்மீரின் அனந்தநாக் மாவட்டத்தில் பயங்கரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டினுள் அனுப்பப்பட்ட ஜூம் என்னும் இராணுவ நாய், இரு குண்டுகள் பாய்ந்த பின்னும் தன் பணியைத் தொடர்ந்தது. சில நாள்களில் ஸ்ரீநகர் கால்நடை மருத்துவமனையில் உயிர்நீத்தது. சங்கிலிக்கு அஞ்சும் நாய் அவ்வாறு முன்னே செல்லாது.

வீட்டு நாய்ப் பயிற்சியில் இன்னொரு கடினம் உண்டு. படைவீட்டில் ஒரு நாய்க்கு ஓரிருவரே பொறுப்பு. வீட்டிலோ ஐந்து பேர், ஐந்து வழக்கம். பயிற்றுநரின் உண்மையான மாணவர் அந்த ஐவருமே. நாயை ஒரு மாதம் விடுதியில் விட்டுவிட்டு, ‘பழகிய’ நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. அது பெரும்பாலும் வீண். விடுதியில் பயிற்றுநரின் சொல்லுக்கு உட்காரும் நாய், வீடு திரும்பியதும் தாத்தாவின் மடிமேல் தாவும். ஏனெனில் தாத்தா மாறவில்லை. நல்ல பயிற்றுநர் பாட்டியிடம், “அம்மா, அது தாவும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுங்கள். நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் தடவிக்கொடுங்கள்” என்று சொல்லிக்கொடுப்பார். முதல் சில நாள்களில் தாவல் முன்னைவிட அதிகமாகும் என்பதையும் முன்கூட்டியே எச்சரிப்பார். பயன் தந்துவந்த செயல் திடீரெனப் பயனற்றுப் போகும்போது நாய் அதையே இன்னும் வலிந்து செய்து பார்க்கும். அந்தக் கட்டத்தில் மனமிரங்கிப் பாட்டி ஒருமுறை தடவிவிட்டால், விடாமல் தாவினால் பலன் உண்டு என்பதையே நாய் கற்கும். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆகவே இத்தொழிலுக்கு வர விரும்புவோர் நாயின்மேல் அன்பு மட்டும் போதும் என்று எண்ணக் கூடாது. மனிதரிடம் பொறுமையாகப் பேசத் தெரியாதவருக்கு இது ஏற்ற தொழில் அன்று. பல பெற்றோர்க்கு இதில் தயக்கம் உண்டு. “இவ்வளவு படித்துவிட்டு நாய் பின்னால் ஓடுவதா?” என்று கேட்கின்றனர். ஊரார் என்ன சொல்வார்களோ என்னும் அச்சத்தைவிட, வருமானம் சீராக இராது என்னும் அவர்களது கவலையில் பொருள் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் மாதந்தோறும் ஒரே அளவு பணம் வராது. கடிபடும் வாய்ப்பும் உண்டு. ஆகவே வெறிநாய்க்கடிக்கு எதிரான தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தன் எல்லையை அறிவதும் தொழிலின் ஒரு பகுதியே. அமைதியான முதிய நாய் திடீரென்று சீறத் தொடங்கினால் காரணம் காதுவலியாகவோ மூட்டுவலியாகவோ இருக்கலாம். அங்கே தேவைப்படுபவர் கால்நடை மருத்துவர்.

பிற நாடுகளில் இதற்குத் தேர்வு முறைகள் உள்ளன. நாய்ப் பயிற்றுநருக்குச் சான்றளிக்கும் அமெரிக்கக் குழு ஒன்று, தேர்வு எழுதுவதற்கு முன்பே மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது 300 மணிநேரப் பயிற்சி அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. வேல்ஸ் நாடு 2010இலேயே மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைகளைத் தடைசெய்தது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கை அடித்துத் தேவையற்ற துன்பம் தருவதைக் குற்றம் என்கிறது. முதல்முறை செய்தால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! ஒரு கழுத்துச் சங்கிலி வாங்கக்கூட அத்தொகை போதாது. 2017இல் வந்த விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டியை விற்பவருக்குப் பதிவு வேண்டும். அதே குட்டியைக் குழந்தைகள் உள்ள வீட்டில் வாழப் பழக்குபவருக்கு எதுவும் வேண்டா என்பது பொருந்தாத ஏற்பாடு.

சான்றிதழ் முறை வந்தால் ஏழை இளைஞர் இத்தொழிலுக்கு வர முடியாமற்போகும் என்று அஞ்சுவோர் உண்டு. சான்றிதழை விலையுயர்ந்த தனியார் வகுப்புகளிடம் ஒப்படைத்தால் அவ்வச்சம் மெய்யாகிவிடும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் குறைந்த கட்டணத்தில் ஓராண்டுப் படிப்பாக இதனைத் தொடங்கலாம். படைகளிலிருந்து ஓய்வுபெற்ற நாய்ப் பயிற்றுநர்கள் நாடெங்கும் இருக்கின்றனர். கண்டிப்பையும் கருணையையும் சேர்த்துக் கற்றவர்களை அவர்களிடையே ஆசிரியர்களாகத் தேர்ந்தெடுக்கலாம்.

அதுவரை காத்திருக்க மனமில்லாத மாணவர் தம் ஊரிலுள்ள விலங்குக் காப்பகத்திற்கு விடுமுறையில் செல்லலாம். முதல் மாதம் அங்கே கூண்டு கழுவும் வேலைதான் கிடைக்கும். அதைச் செய்துகொண்டே நாய்களின் காதையும் வாலையும் கண்ணையும் கவனித்து, அன்றன்று கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். கைவிடப்பட்டு அங்கு வந்த நாய்களில் எத்தனை, கழுத்தருகே கை வந்தாலே பதுங்குகின்றன என்பதையும் அக்குறிப்பேட்டில் எண்ணி வைக்கலாம்.