எறும்புக்கு நிறம் அடையாளமல்ல

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில் உள்ள கரந்தமலையின் அடிவாரக் கிராமங்களிலிருந்து 2022 ஆகஸ்டில் வந்த செய்தி பலருக்கும் நினைவிருக்கும். எறும்புகள் காட்டிலும் வீட்டிலும் கணக்கில்லாமல் பெருகிவிட்டன, ஆடுமாடுகளின் கண்களில் மொய்த்துப் பார்வையைப் பறிக்கின்றன, மேய்ச்சலுக்குப் போகவே முடியவில்லை என்று அந்த மக்கள் முறையிட்டார்கள். மஞ்சள் பைத்திய எறும்பு என்று ஆய்வாளர்கள் அதை அடையாளம் சொன்னார்கள். அனோப்ளோலெபிஸ் கிராசிலிபெஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அதற்குக் கொடுக்கு கிடையாது. வயிற்றின் நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலிலும் அது இருக்கிறது. இப்படி ஒரு செய்தியைப் படித்தவருக்கு, நீண்ட கால்களோடு ஓடும் மஞ்சள் எறும்பு எதைப் பார்த்தாலும் அதுதானோ என்று தோன்றுவது இயல்பு. எறும்புகளைக் கவனிக்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் பிழை இப்படி நிறத்தை நம்புவதுதான். அடுத்த பிழை, சிற்றினத்தின் பெயர் வரை சொல்லியே தீர வேண்டும் என்று துடிப்பது. இரண்டையும் பொழுதுபோக்குக்காரர்களின் சில்லறைத் தவறு என்று ஒதுக்க முடியாது. பெயர் தப்பினால் மருந்து தப்புகிறது; சில சமயம் நமக்கு உதவும் உயிரே அழிகிறது.

காரைக்காலின் வடக்கு ஓரத்தில் கடலை ஒட்டியிருக்கும் மண்டபத்தூர் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கடற்கரை மணல், மறுபக்கம் நெல்வயல், இடையில் தென்னையும் மாவும் வீடுகளும். சிவப்பு என்றோ மஞ்சள் என்றோ சொல்லத்தக்க எறும்புகள் இத்தகைய ஊரில் பல வகை. மாமரத்தில் இலைகளை இழுத்து வளைத்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு. வரப்பில் கால் வைத்தவுடன் சுரீரென்று கொட்டும் நெருப்பெறும்பு. அடுக்களையில் சாரை சாரையாகப் போகும், 2 மில்லிமீட்டர் அளவே உள்ள மஞ்சள் சிற்றெறும்பு. மூன்றையும் நிறத்தால் பிரிக்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். இடுப்பைப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் முசுறுக்கும் பைத்திய எறும்புக்கும் ஒரே ஒரு கணு. நெருப்பெறும்புக்கும் அடுக்களைச் சிற்றெறும்புக்கும் இரண்டு கணு. அடுத்தது உணர்கொம்பு. நெருப்பெறும்பின் உணர்கொம்பில் 10 துண்டுகள், அவற்றில் கடைசி இரண்டும் தடித்திருக்கும். பைத்திய எறும்புக்கு 11. அதன் முதல் துண்டு தலையின் நீளத்தைத் தாண்டி வெகுதூரம் நீளும். முசுறுக்கு 12, உடலோ பைத்திய எறும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைலென்சும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இவற்றை எண்ணிவிடலாம். வெயிலில் வெளிறி, வயதுக்கேற்ப அடர்ந்து, கூட்டுக்குக் கூடு மாறும் நிறத்தை எண்ண முடியாது.

அளவும் இதே போல ஏமாற்றும். கட்டெறும்புக் கூடு ஒன்றின் வாயிலில் கொஞ்ச நேரம் கவனித்தால், 8 மில்லிமீட்டர் நீளத்தில் சின்னத் தலையோடு ஒன்றும், அதைப் போல இரண்டு மடங்கு நீளத்தில் பெருந்தலையோடு இன்னொன்றும் ஒரே வழியாக வெளியே வரும். புதிதாகப் பார்ப்பவர் இரண்டு இனம் என்று குறித்துக்கொள்வார். இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். நெருப்பெறும்பிலும் அப்படித்தான்: நடுவில் பிளந்தது போன்ற பெரிய சதுரத் தலை உள்ளவையும் சாதாரணத் தலை உள்ளவையும் ஒரே புற்றில் வாழ்கின்றன. சிறகு முளைத்த ஆண் எறும்பைப் பார்த்தால் குளவி என்றே தோன்றும். இந்தக் குழப்பத்துக்குப் பழைய அறிஞர்களும் தப்பவில்லை. மண்டபத்தூருக்கு வடக்கே சிறிது தூரத்தில்தான் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்களின் அந்தத் துறைமுகத்துக்கு 1768-இல் வந்த மருத்துவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் இந்தியச் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அப்படிப் போன பூச்சிகள் பலவற்றுக்குப் பெயரிட்டவர், கோனிக்கைப் போலவே லின்னேயஸின் மாணவரான பப்ரீசியுஸ். நம் கட்டெறும்புக்கு 1787-இல் அறிவியல் பெயர் வைத்தவரும் அவரே. அந்தக் காலத்தில் காய்ந்த ஓர் உடலை மட்டும் மேசையில் வைத்து விவரித்தார்கள். வேலைக்கார எறும்புக்கு ஒரு பெயர், அதன் ராணிக்கு வேறொரு பெயர், ஆணுக்கு இன்னொன்று என்று எறும்பியலில் சேர்ந்துபோன பெயர்களைச் சரிசெய்யவே பின்வந்தவர்கள் பல பதிற்றாண்டுகள் உழைத்தார்கள். ஒற்றை எறும்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் பட்ட பாட்டில் கிடைத்த பாடம். கால்களையும் எண்ணிவிட வேண்டும். முசுறைப் போலவே உருவமும் நடையும் கொண்ட சிலந்தி ஒன்று உண்டு. முன்னங்கால்களை உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு திரியும் அதற்கு எட்டுக் கால்.

தப்பான பெயருக்கு என்ன விலை? அடுக்களை மஞ்சள் எறும்பையே பார்ப்போம். மோனோமோரியம் பாரவோனிஸ் என்ற அந்த எறும்பின் ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். விரட்டும் தன்மையுள்ள மருந்தைத் தெளித்தால் கூடு சாவதில்லை. ராணிகளும் வேலைக்காரிகளும் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு பிரிந்து, ஒரு கூடு பல கூடுகளாகிறது. மருத்துவமனைகளில் இந்த எறும்பை ஒழிக்க முடியாமல் திணறியதற்கு இது முக்கியக் காரணம். அதற்கு வேண்டியது மெதுவாக வேலை செய்யும் இரை மருந்து. முசுறின் கதை நேர்மாறு. முந்திரியின் குருத்தைக் கருக்கும் தேயிலைக் கொசுவைக் கட்டுக்குள் வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சீனத்தில் எலுமிச்சை இனத் தோட்டங்களில் பூச்சிகளை ஒழிக்க அதன் கூடுகளை விலைக்கு வாங்கித் தொங்கவிட்டதை கி.பி. 304-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் நூல் ஒன்று பதிவு செய்திருக்கிறது. பைத்திய எறும்பு என்று பயந்து முசுறுக் கூட்டைக் கொளுத்துகிறவர் தம் மரத்தின் காவலையே கொளுத்துகிறார்.

சரியான பெயர் இன்னொன்றும் செய்கிறது: கேள்வியையே திருத்துகிறது. கரந்தமலைச் செய்தியைப் படித்த பலரும் இது எங்கிருந்தோ புதிதாக வந்து இறங்கியது என்றே எண்ணினார்கள். ஆனால் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டன் 1851-இல் வெளியிட்ட தென்னிந்திய எறும்புகளின் பட்டியலிலேயே இதே எறும்பு வேறு பெயரில் இருக்கிறது. அதன் பூர்வீகம் ஆசியாவா ஆப்பிரிக்காவா என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், 170 ஆண்டுகளுக்கு மேலாக நம் நடுவில் இருந்த ஒன்று ஏன் இப்போது பெருகியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஜாவாவுக்குத் தெற்கே ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவிலும் இந்த எறும்பு 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே குடியேறிவிட்டது. பெருங்கூட்டமாகப் பெருகியது 1989-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கோடிக்கும் மேற்பட்ட செந்நண்டுகள் அங்கே மடிந்தன. செதில் பூச்சிகள் கசியவிடும் தேன்போன்ற நீர்தான் எறும்புக் கூட்டங்களை ஊட்டி வளர்க்கிறது என்று தெரிந்ததும், அந்தச் செதில் பூச்சியைத் தாக்கும் நுண்குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016-இல் விட்டார்கள். எறும்பும், செதில் பூச்சியும், குளவியும் சிற்றினம் வரை சரியாக அறியப்படாவிட்டால் இந்த முயற்சியைத் தொடங்கியே இருக்க முடியாது.

கைபேசியில் படம் எடுத்தால் செயலியே பெயர் சொல்லிவிடுமே, லென்ஸ் எதற்கு என்று கேட்கலாம். செயலிகள் பயனுள்ளவை, மரத்து முசுறையோ கட்டெறும்பையோ அவை பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஆனால் மேலிருந்து எடுத்த மங்கலான படத்தில் இடுப்புக் கணுவும் தெரியாது, உணர்கொம்பின் துண்டுகளும் தெரியாது. பெருந்தலை எறும்பான ஃபெய்டோலேயையும் நெருப்பெறும்பான சோலெனாப்சிஸையும் பிரிப்பது முதுகில் முள் இருக்கிறதா, உணர்கொம்பு நுனியில் தடித்த துண்டுகள் மூன்றா இரண்டா என்பதுதான். படத்தில் இல்லாததைச் செயலி ஊகிக்கிறது. ஊகத்தைப் பார்ப்பவர் முடிவாக எடுத்துக்கொள்கிறார். நல்ல பக்கவாட்டுப் படம், தலையின் நேர்ப்படம், கூட்டின் படம், பக்கத்தில் ஓர் அளவுகோல் இவ்வளவும் சேர்ந்தால் அதே செயலி பல மடங்கு உதவும்.

வயலில் வேலை செய்கிறவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் வேண்டுமா என்ற கேள்வியை இன்னும் மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். எது கடிக்கும், எது மரத்தில் இருக்கும், எது மழைக்கு முன் முட்டை தூக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்தது நடத்தையைப் பார்த்து வந்த அறிவு. நிறத்தை மட்டும் பார்க்கும் நகரத்துப் பார்வையைவிட அது நம்பத்தக்கது. ஆனால் பூச்சிமருந்துக் கடையில் கேட்கப்படுவது அந்த அறிவல்ல, எறும்புக்கு மருந்து கொடுங்கள் என்ற ஒற்றை வரி. வரப்பில் கொட்டும் நெருப்பெறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போவது உண்மை. அதே எறும்பு பிலிப்பைன்ஸின் நெல்வயல்களில் பூச்சிகளின் முட்டைகளையும் புழுக்களையும் தின்று பயிரைக் காப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்தப் பருவத்தில் அதை விரட்ட வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுக்க உழவருக்கு முழு உரிமை உண்டு. அதற்கு அது எது என்று தெரிய வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு விதித்தால் ஆர்வத்தோடு வரும் பிள்ளைகள் ஓடிவிடுவார்களே என்பது கடைசி மறுப்பு. நிலைமை அப்படியில்லை. 2016-இல் வெளியான இந்திய எறும்புப் பட்டியலில் 828 சிற்றினங்களும் துணையினங்களும் உண்டு. பேரினங்களோ 100 மட்டுமே. ஓர் ஊரில் கண்ணில் படும் பேரினங்கள் அதைவிட மிகவும் குறைவு. ஒரு பள்ளி மாணவி அவற்றைப் பிரித்தறியப் பழகிவிடலாம். 'இது கட்டெறும்பின் பேரினமான காம்போனோட்டஸ், அதற்கு மேல் இந்த மாதிரியை வைத்துச் சொல்ல முடியாது' என்று எழுதுவது முழுமையான விடை. அந்த வரியை அரைகுறை என்று கருதி மதிப்பெண் குறைப்பதும், ஊகித்த சிற்றினப் பெயருக்குக் கைதட்டுவதும்தான் பிள்ளைகளைக் கெடுக்கும்.

காரைக்காலில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. பூச்சியியல் கற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்தக் கரையில் வாழும் எறும்புகளைப் பேரினவாரியாக ஒரு பெட்டியில் அடுக்கி, உழவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வந்து ஒப்பிட்டுப் பார்க்க வழிசெய்வது பெரிய செலவில்லாத வேலை. அதை அவர்கள் செய்ய வேண்டும். வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பழக்கமில்லாத எறும்பு பெருகுவதாகத் தோன்றினால் மருந்து தெளிக்கும் முன், ஒரே கூட்டிலிருந்து சிறிதும் பெரிதுமாகப் பத்து எறும்புகளை ஸ்பிரிட் ஊற்றிய சிறு குப்பியில் போடுங்கள். தேதி, ஊர், எந்த மரம் அல்லது எந்த மண், கொட்டியதா இல்லையா என்பதைப் பென்சிலால் தாளில் எழுதி உள்ளேயே போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.